மீனுக்குக் காது எங்கே?

வண்ண மீன் கேள்வி - பதில்

கே: ஹாலில் 2 அடி தொட்டியில் 4 கோல்டு ஃபிஷ் வளர்க்கிறேன். அதே மேசையில்தான் ஸ்பீக்கர். பாட்டு போட்டால் நான்கும் மூலையில் ஒடுங்கிவிடுகின்றன. காதே இல்லாத மீனுக்குப் பாட்டு கேட்குமா? (வாசகி, வியாசர்பாடி)

ப: நன்றாகவே கேட்கும். வெளிக்காதுதான் கிடையாது, மண்டையோட்டுக்குள், கண்ணுக்குப் பின்னால் உள்காது இருக்கிறது. மீனின் சதையும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் சத்தம் உடம்பை ஊடுருவிப் போய்விடும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் அதில் அதிரும். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்த அதிர்வை உள்காது வரை கொண்டுபோகக் குட்டி எலும்புகளின் சங்கிலி ஒன்று உண்டு. 1820இல் இதை விவரித்த எர்ன்ஸ்ட் வெபரின் பெயரால் வெபர் எலும்புகள் என்கிறார்கள். ஜிலேபி மீனுக்கு இந்தச் சங்கிலி இல்லை.

காது மட்டுமல்ல. மார்க்கெட்டில் ரோகு வாங்கும்போது, செதில் எடுக்கும் முன் அதன் விலாவைப் பாருங்கள். செவுள் மூடியிலிருந்து வால் வரை ஏறத்தாழ 40 செதில்களில், செதிலுக்கு ஒரு துளையாகப் புள்ளிக்கோடு ஓடும். அதுதான் பக்கக்கோடு. துளைகளுக்கு அடியில் மெல்லிய குழாய். அதற்குள் மயிரிழை போன்ற உணர்செல்கள், அவற்றின் மேல் கூழ்த் தொப்பி. தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், மீன் உணர்ந்துவிடும். பிள்ளைகளைக் கண்ணாடியில் தட்ட விடாதீர்கள், தயவுசெய்து.

ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குல தெர்மாகோல் போடுங்கள். ஏர் பம்பைச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி பம்ப் கெட்டுவிடும். பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; அதிர்வு தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி. இன்னொன்று: 2×1×1 அடித் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். 4 கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது போதாது. இரண்டை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கே: விடிகாலையில் தொட்டி லைட்டைப் போட்டதும் மீன்கள் கண்ணாடியில் மோதுகின்றனவே? (வாசகர், பெரம்பூர்)

ப: இவற்றுக்கு இமை கிடையாது, கண்மணியும் நம்முடையதுபோல் சுருங்காது. முதலில் அறை விளக்கைப் போட்டு, 15 நிமிடம் கழித்துத் தொட்டி லைட்டைப் போடுங்கள்.

கே: கொளத்தூரில் ஃபைட்டர் வாங்கிவந்து, பெரிய பாட்டிலில் கழுத்து வரை குழாய்த் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன். மறுநாளே செத்துவிட்டது. (வாசகர், தண்டையார்பேட்டை)

ப: இரண்டு தவறு நடந்திருக்கிறது. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே காற்றறை ஒன்று உண்டு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அங்கே நிரப்பிக்கொள்ளும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. காற்றுக்கு இடமில்லாமல் மூடினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டும். விராலுக்கும் இதுபோன்ற அறை உண்டு. மீன்காரம்மாவின் அலுமினியச் சட்டியில், கொஞ்சம் தண்ணீரில் அது மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பது அதனால்தான். அடுத்தது குளோரின், செவுளையே பொசுக்கிவிடும். குழாய்த் தண்ணீரை வாளியில் 24 மணி நேரம் திறந்துவைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டு, பிறகு ஊற்றுங்கள். மேலே 2 அங்குலம் காலி இருக்கட்டும். ஃபைட்டர் துள்ளும், மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள்.