அப்பா போனதற்கு அழாமலே இருந்துவிட்டேன் என்று எழுதியவருக்கு

சுடுகாட்டில் சித்தப்பா தோளைப் பிடித்து "ஆம்பளை அழலாமா, நீதானே அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்றாராம், அன்றைக்கு அடக்கியது நாலு மாதமாகத் தூக்கமின்மையாகவும் மனைவி மேல் எரிச்சலாகவும் வருகிறது, இப்போது அழுதால் கோழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை தம்பி.

எனக்கும் அப்படித்தான். காரியமெல்லாம் முடித்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்து, பந்தல்காரருக்குப் பணம் கொடுத்து எல்லாம் சரியாகச் செய்தேன். ஆறு மாதம் கழித்து அப்பாவின் கண்ணாடிக் கூட்டைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த ஒரு பஸ் டிக்கெட். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பையன் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுவது ஆணுக்கு அழகில்லை என்பதும் நம் மரபு அப்படியே சொன்னதல்ல. புறநானூற்றின் 245-ஆம் பாட்டில் சேர மன்னன் மாக்கோதை, மனைவியை ஈமத்தீயில் கிடத்திவிட்டு நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்று புலம்புகிறான். அவனை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

சித்தப்பா மேல் கோபம் வேண்டாம், அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இன்று ராத்திரி மனைவியிடம் "அப்பா ஞாபகமாவே இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் தூக்கம் வரவில்லையென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.