பதவியே இல்லை, தலைமை பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் கேள்வியே தலைமை அனுபவம் பற்றியது. நான் எதற்கும் தலைவியாக இருந்ததில்லை. பள்ளி நாடகக் குழுவில் மூன்று வருடம் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தேன். நாடகப் பொருட்கள் அடிக்கடி தொலைந்து சண்டை வந்ததால், எது யாரிடம் இருக்கிறது என்று குறித்துவைக்க ஒரு தாள் ஒட்டினேன், அவ்வளவுதான். என் தோழிகள் எல்லோரும் ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவிகள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நானும் ஒரு சங்கம் தொடங்கிவிடலாமா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: சங்கம் வேண்டாம்மா. விண்ணப்பம் அனுப்பும் நேரத்தில் முளைத்த சங்கம் எதற்காக முளைத்தது என்பது தேதியைப் பார்த்ததுமே படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அந்த இரண்டு மாதத்தை எழுதவும் அடித்துத் திருத்தவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடலாம். அந்த விண்ணப்பத்தில் இருப்பவை 8 கேள்விகள். அவற்றில் பிடித்த 4-ஐ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுதினால் போதும். எட்டுக்கும் ஒரே மதிப்புதான். தலைமைக் கேள்வி முதலில் நிற்பதால் அது கட்டாயம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் விட வேண்டாம் என்பேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். மற்றவர்கள்மேல் நல்லவிதமாகத் தாக்கம் ஏற்படுத்தியது, தகராறைத் தீர்க்க உதவியது, ஒரு கூட்டு வேலைக்குத் தொடர்ந்து கைகொடுத்தது, இவற்றில் ஒன்றுக்கு உதாரணம் கேட்கிறார்கள். பதவிப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை, வீட்டாரைக் கவனித்துக்கொண்டதைக்கூட எழுதலாம் என்று பல்கலைக்கழகமே விளக்கம் தந்திருக்கிறது. பொருள் தொலைந்தது, சண்டை வந்தது, தாள் ஒட்டினேன் என்று சொல்லிவிட்டு "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்களே, அவர்கள் கேட்பதே அதைத்தான்.

நானும் பள்ளியில் ஒரு வருடம் வகுப்புத் தலைவனாக இருந்தவன். ஆசிரியர் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. எனக்கு ஆகாதவன் பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பெருக்கல் குறி போட்டதைத் தவிர, அந்தப் பதவியில் நான் சாதித்தது எதுவும் இல்லை. அதை வைத்து 350 சொல் எழுதச் சொல்லியிருந்தால் முழி பிதுங்கியிருக்கும்.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். எந்தப் பொருள் தொலைந்தது? யார் யாரைக் குற்றம் சொன்னார்கள்? தாளை எங்கே ஒட்டினீர்கள்? முதல் வாரம் அதை யாராவது திரும்பிப் பார்த்தார்களா? (பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.) அப்புறம் எதை மாற்றினீர்கள்? நீங்கள் சொல்லாமலே, தானாக வந்து முதலில் எழுதியது யார்? இவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள். கட்டுரை என்று நினைக்காமல் ஒரு தோழிக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்.

பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: "என் தலைமைப் பண்பாலும் ஒருங்கிணைப்புத் திறனாலும் நாடகக் குழுவினர் அனைவரையும் ஒற்றுமையாக வழிநடத்தினேன்." நாடகக் குழுவை எடுத்துவிட்டுக் கால்பந்துக் குழு என்று போட்டாலும் வாக்கியம் அசையாமல் நிற்கும். அப்படியென்றால் அதில் நீங்கள் இல்லை.

இப்போது இதைப் பாருங்கள். நானாகக் கற்பனை செய்தது, உங்கள் கதை வேறாக இருக்கும்: "முதல் தாளை யாரும் சீண்டவில்லை. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன், கதவோ எப்போதும் திறந்தே கிடக்கும். இரண்டாவது தாளைக் கிரீடம் வைக்கும் பெட்டியின் மூடிமேலேயே ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாவது ஒத்திகையில், கிரீடத்தைத் தொலைத்தவனே வந்து 'வாள் என்னிடம்' என்று எழுதிவிட்டுப் போனான்."

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? அதில் வேலை செய்கிறவர் நீங்கள் இல்லை, அவன். நீங்கள் ஒன்று செய்தீர்கள், அதனால் இன்னொருவர் நடந்துகொள்ளும் விதம் மாறியது. படிக்கிறவர் தேடுவது அந்த மாற்றத்தை. உங்கள் வரைவில் "நான்" என்று தொடங்காத வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டியதுதான். முதல் தாள் தோற்றதையும் மறைக்காதீர்கள், கதையே அங்கேதான் தொடங்குகிறது.

குழுத் தலைவியைக் கையாலாகாதவளாகக் காட்டி நீங்கள் உயர வேண்டாம், அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். சில விண்ணப்பங்களைப் பொறுக்கியெடுத்து, எழுதியதற்குச் சான்று கேட்கும் வழக்கம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பொதுவாக அவர்கள் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வாங்குவதும் இல்லை. அதனால் "இவள் பொறுப்பானவள்" என்று உங்களுக்காகச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பெட்டி மூடியும் பேனாவும்தான் சாட்சி.

மற்றப் பல்கலைக்கழகங்களுக்குக் காமன் ஆப் (ஒரே படிவத்தைப் பல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப உதவும் இணையதளம்) வழியாக விண்ணப்பிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் 650 சொல் கட்டுரைக்கான தலைப்புகளில் தலைமைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. பதவிப் பெயர்களுக்குச் செயல்பாட்டுப் பட்டியலில் இடம் இருக்கிறது. 10 செயல்பாடுகள் வரை சேர்க்கலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிகள். உங்கள் தோழிகளின் தலைவிப் பட்டங்களும் அந்தப் பட்டியலின் ஒரு குட்டிக் கட்டத்துக்குள்தான் உட்கார வேண்டும். பிரிட்டனுக்கும் போடுவதாக இருந்தால் இதையே அங்கே ஒட்டிவிடாதீர்கள். எடுக்கப்போகும் பாடத்தில் உங்களுக்கு என்ன ஈடுபாடு, எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. இப்போது மேடைக்குப் பின்னால் இருக்கும் இளைய மாணவர் யாரையாவது கூப்பிட்டு, அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். கிழித்துப் போட்டுவிட்டோம் அக்கா என்று சொன்னால், அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.