நடுவில் நின்றவளை ஏன் எடுத்தீர்கள்?

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பதினோராம் வகுப்பில் தொடங்கிய காதல். இரண்டு வீட்டிலும் கடும் எதிர்ப்பு. 2019இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். குழந்தை பிறந்த பிறகுதான் பெற்றவர்கள் மனம் மாறினார்கள். அன்று நடக்காத வரவேற்பை இப்போது அப்பாவே முன்னின்று நடத்துகிறார். ஆனால், ‘நாலு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன வரவேற்பு’ என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அழைப்பிதழில் எந்தத் தேதியைப் போடுவது, மகளை மேடையில் நிறுத்தலாமா என்று ஒரே குழப்பம். நுழைவாயிலில் வைக்க எங்கள் பள்ளி குரூப் போட்டோவைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம். நடுவில் நிற்கும் தோழியை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம். அந்தக் காலத்தில் எங்கள் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், பிறகு சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அப்பாவுக்கு அவளைப் பிடிக்காது என்பதால் அழைக்கவில்லை. அவள் புரிந்துகொள்வாள். ஊர் வாயை எப்படி மூடுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதற்கு என்னிடம் வழி கேட்காதீர்கள். அழைப்பிதழில் திருமணம் நடந்த தேதியையும் வரவேற்பு நடக்கும் தேதியையும் சேர்த்தே அச்சிடுங்கள். மறைக்க எதுவும் இல்லை என்று ஆகிவிட்டால் பேச்சும் தானாக அடங்கும். இன்றைக்குத்தான் புதிதாகக் கல்யாணம் நடக்கிறது என்பதுபோல எதையும் திரும்ப நடத்த வேண்டாம். மகள் உங்கள் இருவருக்கும் நடுவில் மேடையில் நிற்கட்டும். பெற்ற பிள்ளையை யாராவது ஒரு அத்தையின் மடியில் கடைசி வரிசையில் உட்கார வைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அவமானம். நாலு வயதுப் பிள்ளையால் வெகுநேரம் நிற்க முடியாது. முதல் அரை மணி நேரம் போதும், அப்புறம் விளையாட விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

கேட்காமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

நடுவில் நிற்கும் தோழியை எடுத்துவிடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியதா? கடிதத்தில் அது ஏதோ மண்டப அலங்காரச் செய்தி மாதிரி வந்து போகிறது. அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நன்றாகப் பாருங்கள். பதினாறு வயதில் நீங்கள் இருவரும் ஒட்டி நின்றிருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்குச் சேதி போயிருக்கும். நடுவில் ஒரு பெண் நின்றதால்தான் நீங்கள் ஒரே வரிசையில், ஒரே படத்தில் இருக்க முடிந்தது. அவளுடைய கை உங்கள் தோளில் இருந்தால், அந்தக் கையையும் அழிக்கச் சொல்லியிருக்கிறீர்களா?

பதிவுத் திருமணம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வயது வந்த இருவருக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயமில்லை. ஆனால் சாட்சி இல்லாமல் நடக்காது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று பேர் வேண்டும். அப்பா அம்மா வராமலே உங்கள் கல்யாணம் நடந்தது. அவளும் அவளைப்போல வந்தவர்களும் இல்லாமல் நடந்திருக்காது. உங்கள் திருமணச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அவள் கையெழுத்து இருக்கும். அந்தத் திருமணத்துக்கான வரவேற்பைத்தான் இப்போது அவளை விட்டுவிட்டு நடத்தப் போகிறீர்கள்.

அப்பாவுக்கு அவளைப் பிடிக்காது என்கிறீர்கள். ஏன் பிடிக்காது? இந்த மாதிரி வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள்மீது பெற்றவர்களால் காலமெல்லாம் கோபமாக இருக்க முடியாது. பேத்தி முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். ஆனால் இத்தனை வருஷக் கோபம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ‘என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கூடப் படித்தவள்தான் கெடுத்துவிட்டாள்’ என்று சொல்லிக்கொண்டால் மகளை மன்னிப்பது சுலபம். உங்கள் அப்பாவும் அதைத்தான் செய்திருக்கிறார். அவரையாவது புரிந்துகொள்ளலாம். உங்களை என்ன சொல்வது? ‘இல்லைப்பா, அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நான்தான் அவளை வரச் சொன்னேன்’ என்று ஒரு தடவையாவது அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தில் அது வந்திருக்கும். பழி அவள்மேல் இருப்பது உங்களுக்கும் வசதியாக இருந்திருக்கிறது, அம்மா. அதனால்தான் வாய் திறக்கவில்லை.

‘அவள் புரிந்துகொள்வாள்.’ யார் சொன்னது? அவளிடம் கேட்டீர்களா? உங்களோடு படித்த மற்றவர்களை நிச்சயம் அழைத்திருப்பீர்கள். அன்று இரவே அவர்கள் எடுத்த படங்களெல்லாம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வரும். தன்னை வெட்டி எறிந்த போட்டோவுக்கு முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்திருப்பதை அவள் தன் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். பிறகு ஒருநாள் தனியாக அழைத்துச் சாப்பாடு போட்டுவிட்டால் அது சரியாகிவிடுமா?

குடும்பம்தான் பெரிது என்று நம்புகிறவள் நான். நீங்கள் பெற்றவர்களோடு சேர்ந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அப்பாவுக்கு மரியாதை கொடுப்பதென்றால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். அவரால் ஒருத்திக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்வதும் மகளின் கடமைதான். அந்தப் பெண்ணுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிரச்சினை வெடித்தபோது அவர்கள் காதுக்கு என்ன போனது, ‘உனக்கு எதற்கு இந்த வேலை’ என்று அவள் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

முதலில் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவிடம் சொல்லி அவர் மூலமாகச் சொல்ல வைக்காதீர்கள், நேராகப் பேசுங்கள். கடிதம் எழுதியது நீங்கள், முடிவெடுத்தது நீங்கள், சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டது நீங்கள். இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். அந்தக் கோபம் உங்களுக்கு வர வேண்டியது. அவள் இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ‘அவள் வந்தால் நான் வரமாட்டேன்’ என்று பிடிவாதம் பிடித்தால் தேதியைத் தள்ளி வையுங்கள். இத்தனை வருஷம் பொறுத்த வரவேற்புக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்பா இல்லாமலும் நடத்தாதீர்கள், அவள் இல்லாமலும் நடத்தாதீர்கள்.

அப்புறம் அவள் வீட்டுக்குப் போங்கள். போனில் சொல்லிவிட்டு அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலை வேண்டாம். அவளுடைய பெற்றோருக்கும் தனியாக ஒரு அழைப்பிதழ் கொடுங்கள். செய்த தப்பை அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அங்கே போய் அழுது, கடைசியில் அவளே உங்களைத் தேற்றும்படி ஆக்கிவிடாதீர்கள். வரமாட்டேன் என்று அவள் சொல்லலாம். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிச் சொன்னால் வற்புறுத்தாமல் எழுந்து வாருங்கள்.

உங்கள் கணவர் இந்த விஷயத்தில் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் கொண்டுவந்து கொடுத்த கடிதங்களைப் பிரித்துப் படித்தவர் அவர்தானே?