‘ரத்து’ என்ற சொல் திருமணத்தையே இல்லாமல் ஆக்கிவிடுமா?

கேள்வி: இந்து திருமணச் சட்டப்படி குடும்பநல நீதிமன்றத்தில் எனக்கு விவாகரத்து கிடைத்துவிட்டது. ‘ரத்து’ என்றால் திருமணமே நடக்கவில்லை என்று ஆகிவிடும், மகனின் உரிமை போய்விடும் என்கிறார் பத்திரம் எழுதும் ஒருவர். வேறு பத்திரம் தயாரிக்கப் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வடமொழி ‘விவாகம்’ என்ற சொல்லோடு, அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த ‘ரத்து’ ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. ரத்தான ரயில், நிலையத்தை விட்டுப் புறப்படுவதே இல்லை; உங்கள் மணவாழ்க்கையோ புறப்பட்டு, சில காலம் ஓடி, பிறகு நின்றது. ‘டைவர்ஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கும் வெவ்வேறு திசையில் திரும்பிப் போவது என்பதே பொருள். ‘மணமுறிவு’ என்ற சொல்லே எனக்குப் பிடித்தது. முன்பு இருந்ததுதானே முறியும்?

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் வரும் சொல்லும் திருமணம் ‘கலைக்கப்படுகிறது’ என்பதுதான். தீர்ப்பாணைக்கு முந்தைய நாள்வரை நீங்கள் சட்டப்படி மனைவி. மகனின் உரிமைக்கு ஒரு குறையும் இல்லை. திருமணம் செல்லாது என்று அறிவிக்கும் 11, 12ஆம் பிரிவுகள் வேறு. அங்கும்கூட குழந்தையை 16ஆம் பிரிவு காக்கிறது.

முத்திரைத்தாளில் ‘இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை’ என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்தி, அதையே விவாகரத்து என்று விற்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்தத் தாளால் எந்தத் திருமணமும் கலையாது. சில சமூகங்களின் வழக்கப்படியான மணமுறிவை 29(2) பிரிவு ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் உறவை முடிப்பது வழக்கமே தவிர, பத்திரம் அல்ல. நிரூபிக்க முடியாமல் மறுமணமும் செய்துகொண்டால், இரண்டாவது திருமணமே செல்லாமல் போகும்.

விவாகரத்து, மணமுறிவு, மணவிலக்கு என்று ஒரே பொருளுக்கு மூன்று சொற்களைப் புழங்கவிட்டு, தீர்ப்பையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கையில் கொடுத்தால், இடைத்தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்? தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்திலேயே வாங்கி வையுங்கள். விண்ணப்பங்களில் ‘மணமாகாதவர்’ என்று குறிக்காமல், ‘விவாகரத்து பெற்றவர்’ என்றே குறியுங்கள்.