பிஸ்கற் ரின்னுக்குள்ள ஒரு கலியாணக் காட்: கேளுங்கோ, அக்கா சொல்லுறன்

கேள்வி: அக்கா, கிளிநொச்சியில பழைய இரும்புக் கடையொண்டில ஒரு பிஸ்கற் ரின்னைக் கண்டு ஆசைப்பட்டு வேண்டினன். வீட்ட வந்து திறந்தால் உள்ளுக்கை ஒரு கூப்பன் மட்டை, மாங்குளம் எண்டு போட்ட ரயில் ரிக்கற், 1968ஆம் ஆண்டுக் கலியாணக் காட் ஒண்டு. இவர் குப்பை எண்டுறார். லமினேட் பண்ணி வைக்கலாமோ?
(வாசகி, விசுவமடு)

பதில்: தங்கச்சி, லமினேட் மட்டும் பண்ணிப் போடாதேங்கோ! சூட்டில பசை உருகித் தாளுக்குள்ள இறங்கினால் பிறகு பிரிக்கவே ஏலாது, செலோ டேப்பும் அப்பிடித்தான், கொஞ்ச வருசத்தில மண்ணிறமாகித் தாளையும் கறையாக்கிப் போடும். ஒவ்வொண்டையும் தனித்தனிக் காகித உறைக்குள்ள வையுங்கோ, துருப்பிடிச்ச குண்டூசி இருந்தால் மெல்லக் கழட்டுங்கோ.

ரிக்கற்றை வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, அந்தத் தடிச்ச மட்டையின்ர ஓரத்தில திகதி குத்தியிருக்கும். 1990ல சண்டையால எங்கட பக்கம் ரயில் நிண்டுபோச்சு, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையளும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போச்சு, கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தது 2013 செப்டம்பரிலதான். இடையில பிறந்து வளந்த பிள்ளையளுக்கு மாங்குளத்தில ரயில் ஏறலாம் எண்டதே கதை, உங்கட கையில இருக்கிறது அதின்ர சாட்சி. கூப்பன் மட்டை சங்கக்கடையில அரிசிக்கு அம்மம்மா ஆக்கள் வரிசையில நிண்ட காலத்துச் சாமான், 1979ல உணவு முத்திரை வந்ததோட அதின்ர காலம் முடிஞ்சுது.

ஆனா எனக்கு மனசு நிண்டது அந்தக் கலியாணக் காட்டிலதான். மாப்பிள்ளை பொம்பிளை பேர், ரெண்டு பக்கத்துத் தாய் தேப்பன், ஊர் எல்லாம் அதில இருக்குமெல்லோ. 2009ல உடுத்த உடுப்போட வந்த சனம் நாங்கள், தாய் தேப்பன்ர கலியாணப் படம் ஒண்டுகூட இல்லாத வீடுகள் எத்தினை, எங்கட வீட்டிலயும் இல்லை. அதால அந்த ஊரில ஒருக்கா விசாரியுங்கோ, பிள்ளையளோ பேரப்பிள்ளையளோ ஆரும் இருந்தால் ஒரு போட்டோக்கொப்பி நீங்கள் எடுத்து வைச்சிட்டு மூலத்தை அவையளிட்டக் குடுத்திடுங்கோ, காசு கேக்காதேங்கோ.

கேள்வி: அப்பப்பா செத்து அந்தியேட்டிச் சடங்கில குடுத்த கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் மாமி வீட்டில கிடைச்சுது. ஒரு பக்கம் கறையான் அரிச்சிட்டுது, தாள் மஞ்சளாகி நொறுங்குது. என்ன செய்யிறது?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, மலிவான தாள் மரக்கூழில செய்யிறது, அதுக்குள்ள இருக்கிற லிக்னின் எண்ட மரப்பொருள் வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும், அதைத் திருப்ப ஏலாது, வேகத்தைக் குறைக்கலாம். வெயில் படாமல், நிலத்திலயும் சுவரிலயும் முட்டாமல் உயரத்தில வையுங்கோ. அதுக்கு முதல், இண்டைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில படம் எடுங்கோ. 2005ல தொடங்கின நூலகம் எண்ட இணைய நூலகத்தில கல்வெட்டுகளையும் ஸ்கான் பண்ணிச் சேர்க்கினம், அவையளோட கதையுங்கோ. அந்தியேட்டிக்குக் குடுக்கிற புத்தகம்தானே எண்டு கனபேர் எறியினம், எனக்கு அது பெரிய கவலை. எங்கயிருந்து வந்து எந்தக் குளத்துக்குக் கீழ காடு வெட்டிக் குடியேறினவை, ஆர் ஆருக்கு என்ன முறை எண்டதெல்லாம் கனக்க வீடுகளுக்கு அதிலமட்டும்தான் எழுத்தில கிடக்கு.

தாள் எண்டவுடன நினைவு வருது, 90கள்ல பொருளாதாரத் தடை நேரம் வடக்கில பத்திரிகையைக் கோடு போட்ட கொப்பித் தாளில அடிச்சவை! அப்பிடி ஒண்டு ஆற்றையும் பெட்டிக்கு அடியில கிடந்தால் தயவுசெய்து சுத்துறதுக்குக் கிழிச்சுப் போடாதேங்கோ.

கேள்வி: பழைய சிங்கர் மிசின் ஒண்டு வேண்டினன், எங்க செய்தது எண்டு எப்பிடிப் பாக்கிறது?
(வாசகி, நெடுங்கேணி)

பதில்: ஊசிக்கு வலப்பக்கம் அடித்தட்டில இலக்கம் அடிச்சிருக்கும். ஆங்கில ‘ஈ’யில தொடங்கினால் ஸ்கொட்லாந்து கிளைட்பாங்க் தொழிற்சாலை, அது 1980ல மூடுப்பட்டுது. பொன்நிறப் பூ வேலையை உரஞ்சித் தேய்க்காதேங்கோ பிள்ளை, மிசின் எண்ணெய் தொட்ட பஞ்சுத் துணியால மெல்லத் துடைச்சால் காணும்.