எட்சிங் தகட்டை ஏன் கீறிப் பாழாக்குகிறார்கள்?

எட்சிங் என்பது செப்புத் தகட்டில் கோடுகளை அரித்து, அவற்றில் மையிட்டுத் தாளில் படம் அச்சிடும் கலை. பதிப்பு, அதாவது குறித்த எண்ணிக்கையிலான பிரதிகள், முடிந்ததும் நல்ல செப்புத் தகட்டைக் கெடுப்பது ஏன் என்ற கேள்விக்கு, அது உருவாகும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

1 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள தகட்டின் விளிம்புகளை முதலில் அரத்தால் சரிவாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் அச்சு இயந்திரத்தில் ஈரத்தாள் கிழியும். பிறகு சாக்குக்கட்டித் தூளும் அம்மோனியாவும் போட்டுத் துலக்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவினால்தான் எண்ணெய்ப்பசை போயிற்று என்று பொருள். இதில் அவசரப்பட்டால், அடுத்துப் பூசும் மெழுகுப் பூச்சு பாதியில் உரியும், அரிக்கும் கரைசல் கண்ட இடத்தையும் தின்னும். தேன்மெழுகு, நிலக்கீல், ரோசின் (மரப்பிசின்) கலந்த அந்தப் பூச்சில் படத்தை ஊசியால் கீறினால் போதும், செம்பைத் தோண்ட வேண்டாம். அது செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலின் வேலை. அதில் தகட்டைக் கவிழ்த்து, அடியைத் தொடாதபடி வையுங்கள். நிமிர்ந்திருந்தால் வண்டல் கோடுகளை அடைத்து அரிப்பைத் தடுக்கும். லேசாக இருக்க வேண்டிய கோடுகளை இடையில் வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மேலும் அரிக்கவிடலாம்.

இப்படி உருவான தகடு இருக்கும்வரை யாரும் அச்சிடலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தகடுகளில் பல அவர் 1669-இல் இறந்த பிறகும் கைமாறி, திருத்தப்பட்டு, மீண்டும் மீண்டும் அச்சாயின. "50 பிரதிகள் மட்டும்" என்ற வாக்குக்குக் காப்பு, தகட்டைக் கெடுப்பதுதான்.

படத்தின் முக்கியப் பகுதிக்குக் குறுக்கே ஆழமாக இரண்டு கோடுகள் கீறுங்கள், அல்லது துளையிடுங்கள். மேலோட்டமான கீறலைச் சுரண்டி மெருகிட்டு மறைத்துவிட முடியும். மூலையை மட்டும் வெட்டுவது வீண், மீதியை அச்சிடலாமே! கீறிய தகட்டிலிருந்து ஒரு பிரதி எடுத்து வைத்தால், அதுவே சான்று.