ஹேண்ட்ஸ்ஃப்ரீ பொருத்தியதும் பேட்டரி இறங்குவது ஏன்?

கேள்வி: காருடன் வந்த ஸ்டீரியோவை மாற்றாமல், அதனுடன் ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் ஒன்றைக் கடையில் இணைத்தேன். இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஸ்டீரியோ பழுதா?

பதில்: ஸ்டீரியோவைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைப் பாருங்கள். கிட்டுக்கு எப்போதும் 12 வோல்ட் தரும் ஒயர், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர், எர்த் என மூன்று வேண்டும். ஸ்டீரியோவின் பின்னால் செருகும் பொதுத்தர ஐஎஸ்ஓ கனெக்டரில் இவை முறையே ஏ4, ஏ7, ஏ8 பின்களில் இருக்கும். ஆனால் சில ஃபோக்ஸ்வாகன் கார்களில் ஏ4, ஏ7 இரண்டும் இடம் மாறியிருப்பதால், சாவியை எடுத்த பிறகும் கிட் உறங்காமல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒயரின் நிறத்தை நம்பாமல், சாவியைத் திருப்பியும் எடுத்தும் மல்டிமீட்டரால் இரு பின்களையும் அளந்து பார்த்தால், எது எது என்று உடனே தெரிந்துவிடும்.

தொழிற்சாலை ஒயரைத் தயவுசெய்து வெட்டவிடாதீர்கள். காரின் கனெக்டருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே செருகும் அடாப்டர் ஹார்னஸ் (ஒயர் தொகுப்பு) கிடைக்கிறது. அழைப்பு வரும்போது பாட்டை நிறுத்தி, எதிர்முனைக் குரலைக் காரின் ஸ்பீக்கருக்கே அதன் வழியாகக் கிட் அனுப்பும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை மட்டும் பாடியில் எர்த் செய்யவே கூடாது, ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகும்.

மைக்கை ஏசி காற்று படாதபடி உள்கண்ணாடிக்கு அருகில் வையுங்கள். முன்தூணில் ஏர்பேக் இருந்தால், மைக் ஒயர் அதன் பின்புறமாகவே செல்ல வேண்டும்.